நாற்பத்தொரு பறவையும் ஒரு தாழ்ப்பாளும்

ஒரு தாழ்ப்பாளுக்காகக் கடல் தாண்டிப் போனவன் நான். சிரிப்பதானால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எங்கள் வீடு சின்னது. நடுவில் ஒரு கூடம். கூடத்தின் ஒரு பக்கம் சமையலறை, படுக்கையறை, குளியலறை. மறுகோடியில் தன்னந்தனியாக ஒரு சின்ன அறை. அது மகளுடைய அறை. அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. போகும்போது கட்டில், மேஜை, சுவர்க் கண்ணாடி, கண்ணாடியை மாட்டியிருந்த ஆணி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனாள். கதவின் உள்பக்கத் தாழ்ப்பாளை மட்டும் விட்டுவிட்டாள். மறந்திருப்பாள்.

அந்தத் தாழ்ப்பாளைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் நான் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்த இடம் குளியலறை ஒன்றுதான். அங்கேயும் மூன்றாவது நிமிஷம் கதவு தட்டப்படும்.

"இன்னும் எவ்வளவு நேரம்?"

என் மனைவிதான். அவளுக்கு அவசரமெல்லாம் ஒன்றும் இருக்காது. ஆள் உள்ளே இருக்கிறானா என்று ஒரு விசாரணை, அவ்வளவுதான்.

ஆகவே தீர்மானித்தேன். சின்ன அறை எனக்கு. ஒரு சாய்வு நாற்காலி, ஒரு செய்தித்தாள், உள்ளே தாழ்ப்பாள். உயிரே போனாலும் இதில் விட்டுக்கொடுப்பதில்லை.

இதே நேரத்தில் அவளும் ஒன்று தீர்மானித்திருந்தாள். அவளும் தெருவில் இன்னும் ஏழு பேரும் சேர்ந்து ஒரு பாட்டுக் குழு வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு சுருதி. எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள் என்பது முடியும்போதுதான் தெரியும். இத்தனை நாளும் மாடி வீட்டம்மா வீட்டில் பயிற்சி நடந்தது. மாடி வீட்டம்மாவின் கணவர் மாற்றல் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு வேறு ஊருக்கே போய்விட்டார். அவர் புத்திசாலி. அந்த அம்மாவின் இடத்துக்கு எதிர்வீட்டு டீச்சரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆள் கிடைத்துவிட்டது, இடம்தான் கிடைக்கவில்லை.

முதலில் எங்கள் கூடத்தைக் கேட்டாள்.

"சாயங்காலம் ஒரு மணி நேரம்தாங்க."

"கூடம் பொது இடம். ஒருத்தர் சம்மதிக்காம இன்னொருத்தர் எடுத்துக்க முடியாது."

"சரி, சம்மதிங்க."

"சம்மதம்னா எழுத்துல இருக்கணும். கையெழுத்து இருக்கணும். நான் போட மாட்டேன்."

இது என் தொழில் புத்தி. ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷமாகத் தரப் பரிசோதகனாக இருக்கிறேன். போல்ட்டும் நட்டும் பார்க்கிற வேலை. ஒரு தட்டில் ஆயிரம் போல்ட் கொட்டிவைத்தால் மரை தேய்ந்த ஒன்றை மூன்று நிமிஷத்தில் எடுத்துக் காட்டுவேன். எனக்கே மரை கழன்றுவிட்டதாக மனைவி சொல்வது வேறு விஷயம். ஒரு தாளைக்கூட முழுதாகப் படிக்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான்தான் மறந்துவிட்டேன்.

கூடம் கிடைக்காது என்றதும் சின்ன அறையைக் கேட்டாள். நான் முடியாது என்றேன். அவளும் முடியாது என்றாள். பதினெட்டு நாள் வீட்டில் இதே பேச்சு.

அப்போதுதான் வெளிநாட்டுச் சுற்றுலா வந்தது. ஏழு நாள். எங்கள் ஊரிலிருந்தே இருபத்திரண்டு பேர், எல்லாம் நாலு தெருவுக்குள் இருப்பவர்கள். பயண அட்டவணையைப் படித்துக்கொண்டே வந்தேன். முதல் ஐந்து நாளும் ஓட்டம். ஆறாம் நாளில் இப்படிப் போட்டிருந்தது: 'ஏரிக்கரையில் ஓய்வாகப் பறவை பார்த்தல். வழிகாட்டி உடன் வருவார். அதிகப் பறவை பார்த்தவருக்குப் பாராட்டு.'

என் மூளையில் விளக்கு எரிந்தது.

"ஒரு பந்தயம் வெச்சுக்கலாமா?" என்றேன். அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பந்தயம்?"

"ஆறாம் நாள் யாரு அதிகப் பறவை பாக்கறாங்களோ, அவங்களுக்குத்தான் சின்ன ரூம். அந்த வழிகாட்டி சொல்ற கணக்குதான் கணக்கு."

"சரி."

ஒரே வார்த்தை. அவள் ஒரே வார்த்தையில் சரி என்றால் நான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சந்தோஷத்தில் அதுவும் மறந்துவிட்டது.

ஏன் சந்தோஷம் என்று கேளுங்கள். அவளுக்குக் காக்கைக்கு அடுத்த பறவை தெரியாது. தூரப்பார்வைக்குக் கண்ணாடி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, அவளால் ஐந்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் வேலை. வாயில் பஞ்சு வைத்திருக்கிறவரிடம்கூட அவர் மருமகளைப் பற்றி முழு விவரமும் வாங்கிவிடுவாள். வருகிறவர், போகிறவர், எத்தனை மணிக்கு, எந்தப் பல் என்று எல்லாவற்றையும் நேரம் போட்டுக் குறித்துவைப்பது அவள் வழக்கம். இவள் பேச ஆரம்பித்தால் எந்தப் பறவை கிளையில் நிற்கும்?

நான் ரகசியமாகத் தயாரானேன். சாப்பாட்டுப் பைக்குள் பறவைப் புத்தகம். குளியலறையில் காதில் மாட்டிக்கொண்டு பறவைக் குரல்.

"இன்னும் எவ்வளவு நேரம்?"

"வந்துட்டேன்!"

"உள்ள என்னங்க கீச்சு கீச்சுன்னு சத்தம்?"

"குழாய்!"

இரண்டு மாதத்தில் நூற்றிருபது பறவை மனப்பாடம். பைனாகுலர் ஒன்று வாங்கி, அலுவலக அலமாரியில் ஒளித்துவைத்தேன்.

ஆறாம் நாள் காலை. பெரிய ஏரி. கரையோரம் மரப்பலகை பதித்த நடைபாதை. பேருந்து நின்ற இடத்தில் ஒரு தேநீர்க் கடை, அதற்கு முன்னால் நீள பெஞ்சுகள். ஏரிக்கு எதிர்க்கரையில், பறவைகள் கண்ணில் படாமல் உட்கார்ந்து பார்ப்பதற்கென்று கட்டிய ஒரு சின்ன மரக்கொட்டகை. அதில் ஓர் ஆள் அகலத்துக்கு ஜன்னல். கதவும் இருந்தது. தாழ்ப்பாளும் இருந்தது. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன்.

வழிகாட்டி நம் ஆள்தான். முப்பது வருஷத்துக்கு முன் பிழைக்கப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். பச்சைத் தொப்பி, பொறுமையான குரல். எல்லாரையும் சுற்றி நிற்கவைத்து, ஆளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, "இன்னைக்கு விதிமுறை ரெண்டே ரெண்டுதான்" என்று ஆரம்பித்தார்.

இருபத்தோரு பேர் விதிமுறை கேட்டார்கள். நான் வழியைப் பார்த்தேன். அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் பத்துப் பறவை முன்னால் போய்விடலாம். மெல்லப் பின்னால் நகர்ந்தேன். பேருந்தின் மறுபக்கம் போனேன். பிறகு வேகமாக நடந்தேன்.

பாதி வழியில் பின்னால் காலடிச் சத்தம். எங்கள் குழுவில் வந்திருந்த ஓய்வுபெற்ற தபால்காரர். மூச்சு வாங்கியது அவருக்கு.

"சார், நானும் உங்க கூடவே வர்றேன்."

எனக்கு உடனே சந்தேகம். மனைவி அனுப்பிய ஒற்றனாக இருக்குமோ?

"நீங்க எதுக்கு சார் அவ்வளவு தூரம்? முட்டிவலின்னீங்களே?"

"பரவாயில்ல சார். ரெண்டு பேரா இருந்தா நல்லதுன்னு..."

"ரெண்டு பேரா இருந்தா பறவை பறந்துடும். நீங்க போய் டீ சாப்பிடுங்க."

போனார். அரை மணி கழித்து மறுபடி வந்தார். கொட்டகைக் கதவைத் தட்டினார். நான் தாழ்ப்பாளை நீக்காமலே, "உள்ள இடமில்ல சார்" என்றேன். மூன்றாவது முறை வந்தபோது பதிலே சொல்லவில்லை. பாவம், கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்.

அன்று நான் பார்த்ததல்லவா பார்வை! கொக்கில் மூன்று வகை. நாரையில் இரண்டு. மீன்கொத்தி, நீர்க்கோழி, தலையில் கொண்டை வைத்த வாத்து, கொண்டை இல்லாத வாத்து, ஒற்றைக் காலில் நின்று தூங்கிய ஒன்று, அதைப் பார்த்துப் பொறாமைப்பட்ட நான். ஒவ்வொன்றாக நோட்டில் எழுதினேன். அலகு, வால், இறக்கை எல்லாம் எழுதினேன். போல்ட் பார்த்த கண் சும்மா விடுமா?

நடுவில் ஒருமுறை பைனாகுலரைத் திருப்பித் தேநீர்க் கடைப் பக்கம் பார்த்தேன். என் மனைவி பெஞ்சில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பெண்கள். அவள் கை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மூன்று கால் வைத்த பெரிய தொலைநோக்கி ஒன்று நின்றது. யாரும் அதைப் பிடித்துக்கொண்டிருந்ததாகத் தெரியவில்லை. எனக்கு அவள்மேல் இரக்கமே வந்துவிட்டது.

சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பினேன்.

"எத்தனைங்க?" என்றாள்.

"இருபத்தாறு. நீ?"

"ஒம்பது."

"ஒம்பதா! பரவாயில்லையே. பேரெல்லாம் தெரிஞ்சுதா?"

"பேரு எனக்கு எப்படித் தெரியும்? சாம்பல் கலர், நீளக் கழுத்து, எங்க டாக்டர் மாதிரி ஒரு முறைப்புன்னேன். அந்தத் தொப்பிக்காரர் எழுதிக்கிட்டார்."

நான் சிரித்துவிட்டேன். அவள் என் தட்டில் சாதத்தை வைத்தாள்.

"உங்க கூட யாரு இருந்தா?"

"எனக்கு எதுக்கு ஆளு? நான் தனியாத்தான் பாத்தேன்."

"தபால்காரர் வந்தாராமே?"

"திருப்பி அனுப்பிட்டேன்."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும்."

அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். "இந்தப் பேச்சை விடு, நான் போகணும்" என்றேன். விட்டுவிட்டாள். நானே கேட்கவில்லையே, அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

நான்கு மணிக்கு எல்லாரும் பெஞ்சுகளில் கூடினோம். என் நோட்டில் நாற்பத்தொன்று. மடியில் வைத்துத் தட்டிக்கொண்டேன். மனதுக்குள் சாய்வு நாற்காலியை ஜன்னல் பக்கம் போடுவதா, கதவுப் பக்கம் போடுவதா என்று யோசனை.

வழிகாட்டி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். தபால்காரர், நாலு. அவர் மனைவி, ஆறு. என் மனைவி, பதினேழு. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் பெருந்தன்மையாகத் தட்டினேன். பிறகு என் நோட்டை நீட்டினேன்.

வழிகாட்டி பக்கம் பக்கமாகப் புரட்டினார். முகம் மலர்ந்தது. "அடேயப்பா, நாப்பத்தொண்ணு! இந்த மாதிரி எழுதறவங்களை நான் பாத்ததே இல்ல சார்."

"தொழில் சார்" என்றேன் அடக்கமாக.

"சரி, கூடப் பாத்தவங்க கையெழுத்து எங்க?"

"எந்தக் கையெழுத்து?"

"காலையில சொன்னேனே சார். முதல்ல கண்டவங்க பேர்ல பறவை. ஆனா கூட ஒருத்தராவது அதைப் பாத்துக் கையெழுத்துப் போடணும். தனியா பாத்தது கணக்குல வராது. பறவை விஷயத்துல எல்லாருக்கும் ஆசை ஜாஸ்தி சார், காக்காகூட கழுகாத் தெரியும்."

"அப்போ என் கணக்கு?"

"பூஜ்யம் சார்."

"நான் இருபத்தாறு வருஷமா தரப் பரிசோதகர்! என் கண்ணையே சந்தேகப்படறீங்களா?"

"சந்தேகமே இல்ல. உங்க வீட்டம்மா எல்லாம் சொன்னாங்க. உங்க ஃபேக்டரியில ஒரே கையெழுத்தோட சரக்கு வெளிய போகுமா சார்?"

போகாது. இரண்டு கையெழுத்து வேண்டும். அந்த விதிமுறையை எழுதியதே நான்தான். தபால்காரர் என்னைப் பார்க்காமல் ஏரியைப் பார்த்தார். அவர்தான் எனக்குக் கையெழுத்துப் போட முட்டிவலியோடு மூன்று முறை வந்தவர். நான் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருந்தேன்.

நாற்காலி போயிற்று. செய்தித்தாள் போயிற்று. எட்டுப் பேர் சின்ன அறையில் வரிசையாக உட்கார்ந்து தொண்டையைச் செருமுவது என் காதில் கேட்டது. உண்மையைச் சொல்கிறேன், அழுகை வந்துவிட்டது. ஐம்பத்தாறு வயதில் ஒரு தாழ்ப்பாளுக்காக அழுகிறோமே என்று வெட்கமும் வந்தது.

அப்போது என் மனைவி எழுந்தாள்.

"ஏங்க சார், இவர் பாத்ததை இங்கேர்ந்து நான் பாத்திருந்தா செல்லுமா?"

"தாராளமா செல்லும்மா. எப்படிப் பாத்தீங்க?"

"இந்தப் பெரிய கண்ணாடி வழியா. காலையிலேர்ந்து நடுநடுவுல இதை அந்தக் கொட்டகைப் பக்கம்தானே திருப்பி வெச்சிருந்தேன். பத்து மணி மாத்திரையைப் போட்டாரா, உக்காந்தாரா, மயக்கம் கியக்கம் வந்து விழுந்தாரான்னு யாரு பாக்கறது? அவரைப் பாக்கும்போது அவர் பக்கத்துல இருந்ததையும் பாத்தேன். குறிச்சும் வெச்சிருக்கேன்."

அவளுடைய நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பினாள். நேரம் போட்டு எழுதியிருந்தாள். 'பத்து பத்து. மாத்திரை போடவில்லை. இடது பக்கம் வெள்ளை, மஞ்சள் மூக்கு.' 'பத்து இருபது. மாத்திரை போட்டார். தண்ணீரில் கறுப்பு, நெற்றியில் வெள்ளைப் பொட்டு.' 'பதினொன்று ஐந்து. தானாகச் சிரிக்கிறார். கொண்டை வாத்து.'

வழிகாட்டி இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தார். இருபத்திமூன்று பறவை பொருந்தியது.

"எல்லாத்துக்கும் நான் கையெழுத்துப் போடறேன்" என்றாள்.

"அப்ப உங்க பதினேழை விட சார் ஜாஸ்தி ஆயிடுவாரேம்மா."

"ஆகட்டுமே. பாத்தது அவர்தானே."

இருபத்திமூன்று கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொன்றாக. ஒன்றில்கூட அவசரம் இல்லை. எல்லாரும் எனக்குக் கை தட்டினார்கள். என்னால் அவளைப் பார்க்கவே முடியவில்லை. இருபத்தெட்டு வருஷம் இவளைப் போய் எதிரியாக நினைத்தோமே, குளியலறைக் கதவைத் தட்டியதெல்லாம்கூட நாம் விழுந்துவிட்டோமா என்று பார்க்கத்தானோ என்று நெஞ்சு உருகிவிட்டது.

"சின்ன ரூம் உங்களுக்குத்தாங்க" என்றாள். "நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."

நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாலு வரி எழுதியிருந்தது. கீழே ஏற்கெனவே ஆறு கையெழுத்து.

"படிச்சுப் பாருங்க" என்றாள்.

"உன்கிட்ட என்ன படிக்கறது?" என்றேன். கண்ணில் தண்ணீர், எழுத்தும் சரியாகத் தெரியவில்லை. போட்டுவிட்டேன்.

பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தேன்.

'சின்ன அறை கணவருக்கு, முழு உரிமையுடன். கூடம் தினமும் சாயங்காலம் ஐந்து முதல் ஏழு வரை பாட்டுக் குழுவுக்கு. இதற்கு இருவரும் மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறோம். சாட்சிகள் கீழே.'

"என்னடி இது!"

"எழுத்துல வேணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"எட்டுப் பேருக்குச் சின்ன ரூமே போதும்னு கேட்டியே!"

"எட்டுப் பேருக்குப் போதும். இன்னைக்கு பெஞ்சுல உக்காந்திருந்ததுல ஆறு பேர் புதுசா சேர்ந்துட்டாங்க. பதினாலு பேரு அந்த ரூம்ல எப்படிங்க உக்கார்றது? மூச்சு முட்டும்."

பின் இருக்கையிலிருந்து தபால்காரரின் மனைவி எட்டிப் பார்த்தார். "சார், திங்கக்கிழமையிலேர்ந்து வந்துடறோம்" என்றார். அவரும் ஒரு சாட்சி.

ஊருக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. சொன்ன சொல் தவறவில்லை அவள். சின்ன அறை என்னுடையது. சாய்வு நாற்காலி வாங்கிப் போட்டுவிட்டேன். செய்தித்தாள் இருக்கிறது. தாழ்ப்பாளுக்கு எண்ணெய்கூடப் போட்டேன். இப்போது அதற்குள் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். யாரும் கதவைத் தட்டுவதில்லை.

குளியலறை மட்டும் கூடத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. முதல் நாள் கதவைத் திறந்துகொண்டு குறுக்கே போனேன். பாட்டு நின்றது. பதினாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். பாயை மடக்கி, காலை மடக்கி வழிவிட்டார்கள். நான் போய்விட்டுத் திரும்பி வருகிறவரைக்கும் பேசாமல் காத்திருந்தார்கள். பிறகு, முக்கால்வாசி முடித்திருந்த பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அன்று ஏழு மணிக்கு முடிய வேண்டியது எட்டரைக்கு முடிந்தது.

அதிலிருந்து நான் குறுக்கே போவதில்லை. இன்றைக்குச் சாயங்காலம் தேநீர் இரண்டு டம்ளர் குடித்துவிட்டேன், தப்புத்தான். மணி ஆறே கால். உள்ளேயிருந்து நானே கதவைத் தட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்:

"இன்னும் எவ்வளவு நேரம்?"